சிரித்துவிட்டு எழ வேண்டும்

மூக்கில் வைத்த பஞ்சு அரித்தது. செத்தவனுக்கு மூக்கு அரிக்குமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சொறிந்தால் மட்டும் கூடமே கேட்கும். தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சின்மேல் கிடந்தார். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு, நெற்றியில் ஒட்டவைத்த ஒற்றை ரூபாய், கழுத்தில் ரோஜா மாலை. வாடாமல் இருக்க மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்ததில் சட்டையில்லாத மார்பெல்லாம் ஈரம். போரூருக்கு அப்பால் ஷூட்டிங்குக்கென்றே வாடகைக்கு விடும் வீடு இது. இதே கூடத்தில் அவர் பெண்ணுக்கு வரன் பேசியிருக்கிறார், சம்பந்தி கையால் அவமானப்பட்டிருக்கிறார், ஓய்வுபெற்ற நீதிபதியாக ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார், வில்லனுக்குக் கணக்கு எழுதியிருக்கிறார். இன்றைக்குச் செத்துக் கிடக்கிறார். ஒரு வீட்டில் ஒரு மனுஷன் செய்யவேண்டியதை எல்லாம் இங்கேயே செய்து முடித்தாயிற்று, சொந்தமாகக் குடியிருப்பது மட்டும்தான் பாக்கி. லைட் மாற்றுகிறார்கள். எழுந்தால் மேக்கப் கலையும், அப்படியே இருங்கய்யா, அஞ்சு நிமிஷம் என்று அசோசியேட் டைரக்டர் ராயன் சொல்லிவிட்டுப் போய் எவ்வளவு நேரமோ ஆகிவிட்டது. சினிமாவில் ஐந்து நிமிஷம் என்பது ஒரு மரியாதை வார்த்தை, வேறொன்றுமில்லை. கிடப்பதில் அவருக்கு வருத்தமும் இல்லை. இந்த வயதில் படுத்துக்கொண்டே செய்கிற வேலை கிடைப்பது கஷ்டம். வருத்தமெல்லாம் அந்தப் பெயரைப் பற்றித்தான். காலையிலிருந்து வரவில்லை.

அவளைப் பற்றி மற்றதெல்லாம் தெரிகிறது. இடது புருவத்தில் சின்ன வெட்டு, ஏழு வயதில் கிணற்றுக் கட்டையில் இடித்துக்கொண்டது. மோர்ச் சோற்றுக்கு உப்பை விரலால் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரம் பேசும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பன் சொன்ன ஒரு வார்த்தைக்காக இருபது வருஷம் அப்பன் முகத்தில் விழிக்காதவள். இதையெல்லாம் உண்டாக்கியவர் அவர்தான். காவேரிக் கரையோரத்து லாட்ஜ் ஒன்றில், வெளிப்புறப் படப்பிடிப்பு மழையால் நின்றுபோன ஒரு வாரத்தில், ஒரு பக்கமும் அடிக்காமல் எழுதிய கதை. வயசான அப்பன் மகள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், அவள் கதவைத் திறக்கவில்லை, மூடிய கதவைப் பார்த்துப் பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு பேச்சும் அவள் பெயரில்தான் தொடங்கும். அந்தப் பெயர் என்ன? ஆனா, ஆவன்னாவிலிருந்து வரிசையாகப் போய்ப் பார்த்தார். அமுதா இல்லை. அஞ்சலை இல்லை. இந்திராணி, ஈஸ்வரி, உமையாள். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி, அவள் இல்லை. நேற்றுக் காலை இதே தொந்தரவில் அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் "அட, இதுதானே" என்றார். இப்போது அந்த "அட" நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை.

சும்மா ஒரு பெயர் மறந்துபோவதற்கு யாரும் இவ்வளவு பயப்படமாட்டார்கள். எல்லாருக்குந்தான் மறக்குது, நீங்க மட்டும் என்ன அதிசயம் என்று வீட்டில் சௌந்தரவல்லி சொல்வாள், சொல்லிக்கொண்டே அவர் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பாள். குடையை எடுக்க வீட்டுக்குத் திரும்பி வந்து, குடை கையிலேயே இருப்பதைப் பார்த்து, மறுபடி கிளம்பி, மறுபடி குடைக்காகத் திரும்பி வந்த அன்று முதல் அப்படித்தான் பார்க்கிறாள். டாக்டர் என்ற வார்த்தையை ஒரு தரம் எடுத்தாள், அவர் கத்தின கத்தலில் அதை அப்படியே வைத்துவிட்டாள். ஆனால் போன மாதம் இன்னொரு படத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு வரி. "தம்பி, இந்த ஊர்ல நியாயம் கேக்க வந்தவன் யாரும் நின்னதில்ல." குழந்தைகூடச் சொல்லும். தம்பி வரை வந்தது, அதற்கு மேல் வெட்ட வெளி. அடுத்த டேக். மறுபடி தம்பி. கேமராவுக்குப் பின்னால் நின்று ஒருவன் வரியைக் கத்தினான், கத்தின சத்தம் காதில் விழுந்தது, அர்த்தம் விழவில்லை. எதிரில் நின்ற கதாநாயகன் நல்ல பையன், சிரித்தான், தோளைத் தட்டினான், கடைசியில் இயக்குநர் காதில் ஏதோ சொன்னான். வரியை எடுத்துவிட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டல் ரொம்பப் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பாராட்டை அவர் ஆயுசுக்கும் மன்னிக்கப்போவதில்லை.

"மூச்சு தெரியுதுய்யா, கொஞ்சம் மெதுவா விடுங்க" என்று மேலேயிருந்து ஒளிப்பதிவாளரின் குரல் வந்தது. மெதுவாக விட்டார். வயிற்றால் மூச்சு விட்டால் மார்பு ஏறி இறங்காது, மாலை மறைத்துக்கொள்ளும். இது நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது. அவர் பெயர் ஞாபகம் இருக்கிறது, குருமூர்த்திப் பத்தர், அவர் போடும் பட்டணம்பொடியின் நெடிகூட இப்போது மூக்கில் ஏறுகிறது. நாற்பது வருஷத்துக்கு முந்தின பொடி நிற்கிறது, நேற்றுப் படித்த பெயர் நிற்கமாட்டேன் என்கிறது. பட்டணத்துக்குத் தில்லைநாயகம் வந்தது எழுத. பையில் கதைகளோடு பத்திரிகை ஆபீசில் காத்திருந்தபோது, உங்க மூஞ்சி நல்லா சோகமா இருக்கு, பொணத்து வீட்டு சீன்ல நிக்கிறீங்களா என்று ஒருவன் கூப்பிட்டான். நின்றார். நின்றதோடு சரி, அப்புறம் உட்கார முடியவில்லை. பெண்ணைப் பெற்றவர், கோயில் தர்மகர்த்தா, மிராசுதாரின் கணக்கப்பிள்ளை, அழுகிற மாமா. சினிமாக்காரர்கள் அவரை ரைட்டர் சார் என்று கூப்பிட்டார்கள், ஒருத்தர்கூட ஒரு வரி படித்ததில்லை. எழுத்தாளர் கூட்டத்துக்குப் போனால் நமது அன்புக்குரிய நடிகர் என்று அறிமுகம் செய்து, பேசி முடித்ததும் செல்ஃபி எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிப் பிழைக்கும் விலாங்கு என்பார்கள். அவர் மாற்றிக் காட்டித் தொலைத்துவிட்டார், இரண்டு பக்கமும் கடி வாங்கியதுதான் மிச்சம்.

படித்தவன் ஒருத்தன் இருந்தான். இந்தப் படத்தின் இயக்குநர் இளம்பரிதி. கல்லூரியில் படிக்கும்போதே அந்தக் கதவுக் கதையை நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தவன். இரண்டாவது படம்தான் இது, அதற்குள் பேர் வாங்கிவிட்டான். இன்று காலை தாடைக்கட்டு கட்டும்போது பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அய்யா, அடுத்த படம் உங்க கதைதான், தயாரிப்பாளர் சரின்னுட்டார், அந்த அப்பா நீங்கதான், நாளைக்கு அறிவிக்கிறோம், இன்னிக்கு உங்க ஷாட் முடிஞ்சதும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க என்றான். கதவுமுன்னால் பேசுவதை முழுசாக ஒரே ஷாட்டில் எடுக்கப்போகிறானாம். பின்னால் குரல் சேர்ப்பதெல்லாம் கிடையாது, அங்கேயே பேசுவதுதான், வரி எடுத்துக் கொடுக்க யாரும் நிற்க முடியாது. "எழுதினவருக்கு எதுக்குய்யா எடுத்துக் குடுக்கணும்" என்று சிரித்தான். தாடை கட்டியிருந்ததால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருஷம்! சுவரொட்டியில் ஒரு மூலையிலாவது தன் முகம் வராதா என்று இருந்த காலம் உண்டு, கதை என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் தன் பெயர் திரையில் ஓடாதா என்று இருந்த காலமும் உண்டு. இரண்டும் ஒரே படத்தில், ஒரே நாளில் வந்து வாசலில் நிற்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ. சரி என்று சொல்லிவிடலாம். நாள் இருக்கிறது, தினமும் உட்கார்ந்து உருப்போடலாம், வல்லாரை சாப்பிடலாம். அப்புறம் கதவுமுன்னால் போய் நின்று, கேமரா ஓட, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து, யாரைக் கூப்பிடுவது? இல்லை என்று சொல்லிவிடலாம். ஏன் என்பான். ஏன் என்று சொல்ல அவரிடம் ஒரு வார்த்தைகூட இல்லை, மறதி என்று சொன்னால் அது மட்டுந்தான் இனிமேல் அவர்.

கால் கட்டு இறுகி விரல் மரத்திருந்தது. அப்பா செத்து அவருக்குக் கட்டியபோது கயிறு கிடைக்காமல் அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டினார்கள். அம்மா அழவேயில்லை வெகுநேரம். பிறகு திடீரென்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி, பீரோச் சாவிய எங்க வெச்சீங்கன்னு சொல்லாமப் போயிட்டீங்களே என்று கேட்டாள். அழுகையாக இல்லை, கேள்வியாகவே கேட்டாள், பதில் வரும் என்று நின்றாள். பக்கத்தில் நின்ற மகன் அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டது உண்மை. அதே நிமிஷத்தில் அவருக்குள் ஒருத்தன் பென்சிலை எடுத்ததும் உண்மை. அந்த வரியை எங்கேயோ உபயோகித்தும் விட்டார், கதையிலா, எதிலோ. எழுதுகிறவனை இழவு வீட்டில் சேர்க்கக் கூடாது. மகளே, அதை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியல என்று அந்தக் கதை அப்பன் கதவைப் பார்த்துச் சொல்வான். இல்லை, மகளே என்று சொல்லமாட்டான். பெயரைச் சொல்வான். இங்கேதான் திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் அவனுக்குப் பதில் அவரே நிற்கிறார், கதவு மூடியிருப்பது உள்ளே இருப்பவள் கோபத்தால் அல்ல, வெளியே நிற்பவனுக்குப் பெயர் தெரியாததால்.

வளையல் சத்தம் கேட்டது. அம்புஜம் வந்துவிட்டாள். வாசனையே சொல்லும், பன்னீர்ப் புகையிலையும் தலைவலித் தைலமும். எத்தனையோ படங்களில் அவருக்குப் பெண்டாட்டி, ஒன்றில் அக்கா, சிலவற்றில் இப்படி விதவை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, என்னய்யா நல்லாத் தூங்குறியா என்று கேட்டுவிட்டு மாலையைக் கொஞ்சம் தளர்த்தி விட்டாள். ராயன் சீனைப் படித்துக் காட்டினான். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள், கேமரா வாசலிலிருந்து வளைந்து வந்து அம்புஜம்மா முகத்தில் நிற்கும், அப்போது அம்மா ஒரே ஒரு வரி. "ராத்திரி மாத்திரைய எடுத்து வெச்சேனே, சாப்பிடாமப் போயிட்டீங்களே." இவ்வளவுதானே என்றாள் அம்புஜம். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதை அவளும் யாரிடமும் சொல்வதில்லை. ராயன் பக்கவாட்டில் நின்று வரியை எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னான். எனக்கு எதுக்குப்பா என்றாள் அவள், பழைய மிடுக்கோடு.

ஒப்பாரி தொடங்கியது. கூலிக்கு வந்த பெண்கள் என்று பெயர், ஆனால் ஒருத்தி நிஜமாகவே அழுகிறாள், குரலில் தெரிகிறது, யாரை நினைத்துக்கொண்டாளோ. தண்டவாளத்தில் கேமரா வண்டி உருளும் சத்தம் காலடியிலிருந்து வந்து இடுப்பருகே மெதுவாகி முகத்தருகே நின்றது. அம்புஜத்தின் கை அவர் மார்பில் விழுந்தது. ஏங்க என்றாள். மறுபடி ஏங்க என்றாள். அந்த இரண்டாவது ஏங்க அவருக்குத் தெரியும். போன மாதம் அவர் சொன்ன தம்பி மாதிரியேதான், மேலே படி இல்லாத இடத்தில் காலை வைத்த குரல். பக்கவாட்டிலிருந்து ராயன் ஏதோ கத்தினான், ஒப்பாரியில் அது கரைந்துபோயிற்று. கட் என்று வரப்போகிறது, அம்புஜம்மாவுக்கும் வயசாயிடுச்சு என்று நாளைக்குப் பேசப்போகிறார்கள். அவள் தலையைச் சாய்த்து அவர் மார்பில் காதை வைத்தாள், அழுகிற பாவனையில் நேரம் வாங்கிக்கொண்டாள். அப்போது அவருக்கு வரி வந்தது. தேடாமல், உருப்போடாமல், முழுசாக வந்து நாக்கு நுனியில் நின்றது. தாடைக்கட்டுக்குள் உதடு அசையாமல், தொண்டையால், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவள் ஒரு கணம் அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பீரோச் சாவிய எங்க வெச்சீங்கன்னு சொல்லாமப் போயிட்டீங்களே."

ஒப்பாரி தானாக நின்றது. கட் என்ற சத்தம் வர நேரமானது, வந்தபோது அதில் கரகரப்பு இருந்தது. யாரோ கைதட்ட, கூடம் முழுக்கத் தட்டியது. கிடந்தபடியே தில்லைநாயகத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. போகவில்லை. எதுவும் போகவில்லை. வேண்டிய நேரத்தில் வருகிறது, அடுத்தவளுக்கு எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வருகிறது. ஒரு பெயர், போகட்டும், பெயர்தானே, அதுவும் வரும். சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். சௌந்தரவல்லியிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும், முதலில் நம்பமாட்டாள். சுவரொட்டியில் வேட்டி துண்டோடு, கதவில் கைவைத்தபடி நிற்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷத்தை உள்ளேயே வைத்திருந்தார், பிணம் சந்தோஷப்படக் கூடாது. இளம்பரிதியின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "அம்மா, நான் எழுதுனது மாத்திரையம்மா. எங்கேருந்து புடிச்சீங்க இந்தச் சாவிய? நீங்க சொன்னதுதாம்மா சரி. நான் எழுதுனது குப்பை." கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மாத்திரை. தில்லைநாயகம் அந்த வார்த்தையைத் தனக்குள் திருப்பிப் பார்த்தார். ராயன் படித்தது கேட்டதா? கேட்டிருக்க வேண்டும். எந்த மாத்திரை? ஏதோ வாய்ல வந்துது தம்பி என்று அம்புஜம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைக்கிற சாக்கில் குனிந்தாள். "அது பொள்ளாச்சியில மழையில எடுத்தமே, அந்தப் படத்து வசனம்யா. அன்னிக்கு வசனகர்த்தா வரலன்னு நீதான் எழுதிக் குடுத்தே." மெதுவாகத்தான் சொன்னாள். குரலில் கேலி இல்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை.

"அய்யா, சிரிப்பு எடுத்துரலாம்" என்று ராயன் கூப்பிட்டான். அது வழக்கம். பிணமாகக் கிடந்தவன் ஷாட் முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். அதையும் பிடிப்பார்கள். படத்தில் வராது, எங்கேயும் வராது, கேமராவுக்குள் கடைசியாகப் போனது பிணமாக இருந்துவிடக் கூடாது என்ற பயம், அவ்வளவுதான். எத்தனையோ தடவை செத்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். அவர் நடித்ததிலேயே நல்ல நடிப்பெல்லாம் யாரும் பார்க்காத அந்தச் சிரிப்புகளில்தான் இருக்கிறது. பஞ்சை எடுத்தார்கள், தாடைக்கட்டை அவிழ்த்தார்கள். கண்ணைத் திறந்தார். வெளிச்சம் முகத்தில் அடித்தது, அதற்கு நடுவே கறுப்பு வட்டமாகக் கண்ணாடி. கேமரா ஓடியது. சிரிப்பு வரவில்லை. சிரிங்கய்யா என்று யாரோ சொன்னார்கள். உதடு விரிந்தது, அதற்கு மேல் போகவில்லை. கூடத்தில் பேச்சு குறைந்தது, இதில் மட்டும் எல்லாருக்கும் பயம் உண்டு. அம்புஜம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிரிச்சுடுய்யா. அபசகுனமா இருக்கு" என்றாள். பாவம், அவள் முகத்தில் நிஜமான கலவரம், இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் நிஜப் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுக்காகச் சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க, தோள் குலுங்கச் சிரித்தார். ஓகே, ஒரே டேக் என்று ராயன் கத்தினான். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

இளம்பரிதி பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. அய்யா, சொல்லுங்க, சரிதானே என்றான். தில்லைநாயகம் எழுந்து உட்கார்ந்தார், கால் விரல்கள் இன்னும் கட்டியிருந்தன. சரி என்ற ஒரு வார்த்தைதான். அதை மறக்க முடியாது. அது வாயில் தயாராக இருந்தது.

"தம்பி, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணுய்யா?"

"கதவுக்கு உள்ள இருக்காளே."

இளம்பரிதி சிரித்தான். என்னய்யா, எனக்கே பரீட்சையா என்றான். அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான், அம்புஜத்தைப் பார்த்தான். அம்புஜம் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சிரிப்பு வந்த வழியே போயிற்று. பின்னால் யாரோ லைட்டை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆவுடையம்மா" என்றான் கடைசியில். "ஆவுடைன்னு கூப்பிடுவாருய்யா அவங்கப்பா."

ஆவுடை. நல்ல பெயராக இருந்தது. யாரோ ரொம்ப யோசித்து வைத்த பெயர். தில்லைநாயகம் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அட என்று தோன்றியது. நாளைக்கு இந்த அட மட்டும் இருக்கும் என்றும் தோன்றியது.

"வேற ஆளப் பாருங்க தம்பி" என்றார். "கதை அவ பேரோட உங்ககிட்ட இருக்கட்டும்."

இளம்பரிதி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அம்புஜம் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்து பெருவிரல் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்ததால் வெகுநேரம் ஆயிற்று.